நல்ல முகம் கீழே இருக்கட்டும்!



இந்தப் பக்கத்தில் வழமையாகத் தையல், சமையலறை, வீட்டுத் தோட்டம் என்று பேசிக்கொண்டிருப்போம். இம்மாதம் ஒரு மாற்றம். யாழ்ப்பாணம் ஐந்து சந்திப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் என்னை ஒட்டுப்பலகைக்கும் வட்டவாளுக்கும் இழுத்துச் சென்றுவிட்டது. "இது ஆம்பிளையள் வேலை, நீங்கள் ஏன் கேட்கிறீங்கள் எண்டு நினைக்க வேண்டாம்" என்று அவர் கடிதத்தைத் தொடங்கியிருந்தார். நினைக்கவில்லை, சகோதரி! தேவை எவருக்கோ, வேலையும் அவருக்குத்தானே?

அவர் கதை இதுதான். 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி, விடுதலைப் புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேறச் சொன்னபோது அவர் சிறுமி. உடுத்த உடுப்போடு புறப்பட்ட குடும்பம் புத்தளத்தில் ஓலைக்கொட்டிலில் தங்கியது. கலியாணமும் அங்கேதான், பிள்ளைகள் பிறந்ததும் அங்கேதான். 2009இல் யுத்தம் முடிந்த பின் வாப்பாவின் வளவுக்குத் திரும்பி வந்தார்கள். சுவர்கள் நின்றன. கதவு, யன்னல், ஓடு, வளை, சலாகை ஒன்றும் இல்லை. திரும்பி வந்த பலருக்கு இருந்த அதே நிலைதான். கூரை போடவும் கதவு போடவும் ஆண்டுகள் போயின. இப்போது சாலைச் சுவரில் உம்மா காலத்து அலுமாரி மாடம் மட்டும் வாய் பிளந்தபடி நிற்கிறது. தட்டும் இல்லை, கதவும் இல்லை. மகளின் பாடப் புத்தகங்களும் வீட்டுக் குர்ஆன் பிரதிகளும் இன்னமும் கடதாசிப் பெட்டிக்குள் இருக்கின்றன.

ஓடாவி "நாளைக்கு வாறன்" என்று சொல்லி மூன்று மாதம். மச்சான் கட்டாரிலிருந்து லீவில் வந்தபோது கொண்டுவந்த வட்டவாள் மெசின் வீட்டில் சும்மா கிடந்தது. சீட்டுக் காசில் எட்டடிக்கு நாலடி ஒட்டுப்பலகை ஒன்று வாங்கி, தானே அறுத்துவிட்டார். இனி அவர் சொற்களிலேயே கேளுங்கள்: "பதினாறு அங்குலம் பதினாறு அங்குலமாக மூண்டு துண்டு கீறினேன். அறுத்துப் பார்த்தால் அழகான பக்கம் முழுக்கப் பிய்ஞ்சு சிராய் சிராயாக் கிடக்குது. கீழ்ப்பக்கம் மட்டும் வெண்ணெய் வெட்டின மாதிரி. மூண்டாவது துண்டு அளவிலும் குறைஞ்சு போச்சுது. இன்னொரு பலகை வாங்க என்னிட்டக் காசில்லை. நான் என்ன பிழை விட்டனான்?"

சகோதரி, கேட்க வெட்கப்பட வேண்டாம். முதன்முதலில் இந்த மெசினைத் தொட்ட நாளில் நானும் இதே பிழையைத்தான் செய்தேன். பலகையின் அழகான முகத்தை மேலே வைத்து, அதன் மேலே கோடு கீறி, அதைப் பார்த்தபடியே அறுத்தேன். பார்க்கிற பக்கம்தானே நன்றாக வரும் என்ற எண்ணம்! இந்த மெசினில் உண்மை அதற்கு நேர் எதிர்.

பலகை ஏன் பிய்கிறது?

பழைய தேயிலைப் பெட்டி உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அதன் பக்கங்கள் மெல்லிய ஒட்டுப்பலகை. உடைந்த மூலையைப் பார்த்தால் தட்டுத் தட்டாகத் தெரியும். மரத்தைத் தாள்போல உரித்து, ஒரு தாளின் நார் நீளவாட்டில் ஓடினால் அடுத்த தாளின் நார் குறுக்குவாட்டில் ஓடும்படி மாற்றி மாற்றி அடுக்கி, பசை பூசி அழுத்தியதுதான் ஒட்டுப்பலகை. அடுக்குகள் பெரும்பாலும் 3, 5, 7 என்று ஒற்றைப்படையில் இருக்கும். நார்கள் ஒன்றையொன்று பிடித்திருப்பதால் அது எளிதில் வெடிக்காது, கோணாது.

ஆனால் வெளித்தாள் மிக மெல்லியது. பல பலகைகளில் ஒரு மில்லிமீற்றர்கூட இராது. உள்ளே இருக்கும் தாளுக்கு இரு பக்கமும் காவல் உண்டு. வெளித்தாளுக்கு ஒரு பக்கம் வெறும் காற்று. பல் வெளியே வரும் இடத்தில் நாரை அழுத்திப் பிடிக்க ஒன்றும் இல்லாவிட்டால், அது அறுபடுவதற்கு முன் உரிந்து எழும்பிவிடும்.

இனி வாளைப் பாருங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்! கையில் பிடித்து அறுக்கும் வட்டவாளின் முன்பக்கப் பற்கள் கீழிருந்து மேலாக ஏறுகின்றன. பிளேட்டிலோ காப்பு மூடியிலோ உள்ள அம்புக்குறி இதைக் காட்டும். பல் கீழ்முகத்தில் நுழைந்து மேல்முகத்தில் வெளியேறுகிறது. அதனால் கீழ்ப்பக்கம் வெண்ணெய், மேல்பக்கம் சிராய். உங்கள் கை பிழைக்கவில்லை, சகோதரி. பலகையைப் போட்ட பக்கம்தான் பிழைத்தது.

ஆகவே முதல் விதி: வட்டவாளுக்கு நல்ல முகம் கீழே. கோட்டைப் பின்முகத்தில் கீறுங்கள். இடம் வலம் மாறும் என்பதால் மூலை வெட்டு, துளை போன்றவை இருந்தால் இருமுறை யோசித்துக் கீறுங்கள்.

மெசின் இல்லாத வீட்டில் கைவாளால் அறுப்பவர்களுக்கு இது தலைகீழ். கைவாள் கீழ்நோக்கித் தள்ளும்போது அறுக்கிறது. ஆகவே நல்ல முகம் மேலே. நெருக்கமான பல்லுள்ள வாளை எடுத்து, சரிவாகப் பிடித்து அறுங்கள்.

மூன்றாவது துண்டு எங்கே குறைந்தது?

நாலடிப் பலகை என்பது 1220 மில்லிமீற்றர். பதினாறு அங்குலம் 406 மில்லிமீற்றரும் கொஞ்சமும். மூன்று பதினாறு நாற்பத்தெட்டு, கணக்குச் சரி. ஆனால் வாள் போகும் வழியில் மரம் தூளாகிறதே, அதைக் கணக்கில் எடுத்தீர்களா? பிளேட்டின் பல் அகலம் சுமார் 2 முதல் 3 மில்லிமீற்றர். இரண்டு வெட்டுக்கு நாலு முதல் ஆறு மில்லிமீற்றர் தூளாகப் போய்விடும். அதைத்தான் மூன்றாவது துண்டு இழந்தது.

துணி வெட்டும்போது தையலுக்கு விடுவோமல்லவா? பலகையில் வாளுக்கு விட வேண்டும். எல்லாக் கோட்டையும் ஒரே தடவையில் கீறிவிடாதீர்கள். ஒரு துண்டை அளந்து அறுத்து, புது விளிம்பிலிருந்து அடுத்ததை அளவுங்கள். வாள் எப்போதும் கோட்டின் கழிவுப் பக்கத்தில் போகட்டும். கழிவுப் பக்கத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டால் குழப்பம் வராது.

இன்னொன்று. பழைய யாழ்ப்பாண வீடுகளின் சுண்ணக்கற் சுவர்கள் தடித்தவை, உறுதியானவை. ஆனால் மாடத்தின் மூலைகள் மட்டத்துக்கு இருக்கும் என்று நம்ப வேண்டாம். அகலத்தை முன்னால், நடுவில், பின்னால் என்று மூன்று இடத்தில் அளவுங்கள். ஒவ்வொரு தட்டும் வரும் உயரத்தில் தனித்தனியே அளவுங்கள். குறைந்த அளவிலிருந்து மூன்று மில்லிமீற்றர் கழித்து அறுத்தால் தட்டு இறுகாமல் உள்ளே போகும்.

சுவிட்சைத் தொடும் முன்

ஓடாவிமார் மெசினை ஓட்டுவதைப் பார்த்தால் வேகமாகத்தான் தெரியும். அதற்கு முன் அவர்கள் செய்து முடித்த ஆயத்தம் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. சுத்தமான வெட்டு சுவிட்சைத் தொடும் முன்பே தீர்மானமாகிவிடுகிறது. வரிசையாகச் சொல்கிறேன்.

பிளேட்: மெசினோடு வந்த பிளேட்டில் பெரும்பாலும் 24 பற்கள்தான் இருக்கும். அது கூரை மரத்தை விரைவாக அறுக்க ஏற்றது. ஏழேகால் அங்குல மெசினுக்கு 40 முதல் 60 பற்கள் உள்ள கார்பைட் பல் பிளேட்டைக் கேட்டு வாங்குங்கள். கடைக்குப் போகும்போது பழைய பிளேட்டைக் கொண்டு போங்கள். நடுத்துளை பொருந்த வேண்டும். பிளேட்டில் எழுதியிருக்கும் சுற்று வேகம் மெசினின் வேகத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். பலகையை வீணாக்குவதைவிடப் பிளேட் மலிவு.

ஆழம்: பிளேட் பலகையைத் தாண்டிக் கால் அங்குலம் மட்டும் வெளியே தெரியட்டும். முழு ஆழத்துக்கு இறக்கினால் பற்கள் செங்குத்தாக ஏறி நாரைக் கிளப்பும். அளவாக இறக்கினால் சரிவாக வந்து நறுக்கும். ஆபத்தும் குறைவு.

தாங்கல்: இரண்டு கதிரைக்கு நடுவே பலகையைப் போட்டு நடுவில் அறுக்கவே கூடாது. முடியும் நேரத்தில் பலகை உள்நோக்கி மடிந்து பிளேட்டைக் கவ்வும். கவ்வினால் வாள் உங்களை நோக்கிப் பின்னுக்கு எகிறும். தரையில் நான்கு ரீப்பைகளைப் போடுங்கள், வெட்டுக்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. அறுத்து முடிந்தாலும் இரு துண்டும் விழாமல் கிடக்கும். குளிரூட்டிப் பெட்டியோடு வந்த றெஜிபோம் தட்டை இருந்தால் இன்னும் நல்லது. அதை விரித்து அதன் மேல் பலகையைப் போட்டால், பிளேட் றெஜிபோமில் கொஞ்சம் கீறிக்கொண்டு போகும், பலகை அசையாது.

கத்திக் கோடு: பென்சில் கோட்டின் மேல் இரும்பு அடிமட்டத்தை வைத்து, கூரான கத்தியால் இரண்டு மூன்று முறை இழுங்கள். வெளித்தாளின் நார் முன்கூட்டியே அறுந்துவிட்டால் பல் எதைப் பிய்க்கும்? இரு முகமும் வெளியே தெரியும் பலகைக்கு இது மிக அவசியம். அதன் மேல் மாஸ்கிங் டேப்பை அழுத்தி ஒட்டினால் இன்னும் பாதுகாப்பு. டேப்பைக் கழற்றும்போது விளிம்பிலிருந்து உள்நோக்கி இழுத்தால் நாரும் கூடவே வரலாம். மெதுவாக, விளிம்பை நோக்கி உரியுங்கள்.

நார்த் திசை: எட்டடிப் பலகையில் வெளித்தாளின் நார் பெரும்பாலும் எட்டடி வாட்டில் ஓடும். அந்த வாட்டில் அறுத்தால் சிராய் குறைவு, நாலடி வாட்டில் குறுக்கே அறுத்தால் அதிகம். கத்திக்கும் டேப்புக்கும் உழைப்பைக் குறுக்கு வெட்டில் செலவழியுங்கள். தட்டின் நீளவாட்டில் நார் ஓடும்படி அறுத்தால் தட்டு பாரத்தையும் கூடத் தாங்கும்.

ஒரு வழிகாட்டிப் பலகை செய்து வையுங்கள்

கண்மட்டத்தில் நேராக அறுக்க எந்தக் கையாலும் முடியாது. வாள் கொஞ்சம் திரும்பினாலே விளிம்பு பிய்யும். நேரான தடம் ஒன்று வேண்டும். கடையில் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

ஆறு மில்லிமீற்றர் ஒட்டுப்பலகையில் ஓர் அடி அகலத்தில் நீளத் துண்டொன்றை எடுங்கள். அதன் ஓர் ஓரத்தோடு, மூன்று அங்குல அகலமான இன்னொரு துண்டைப் பசையும் திருகாணியும் போட்டுப் பொருத்துங்கள். இந்த மேல்துண்டின் தொழிற்சாலை விளிம்பு, அதாவது யாரும் அறுக்காத நேர் விளிம்பு, உள்பக்கம் பார்த்திருக்க வேண்டும். மெசினின் மோட்டார் இடிக்காமல் போகும் அளவுக்கு அது தாழ்வாகவும் இருக்கட்டும். பசை காய்ந்த பின், வாளின் அடித்தட்டை அந்த விளிம்போடு ஒட்டி வைத்து ஒருமுறை கடைசிவரை ஓட்டுங்கள். கீழ்த்துண்டில் மிச்சமாக நின்றது அறுந்து விழும். இப்போது கீழ்த்துண்டின் ஓரம், உங்கள் வாள் எங்கே அறுக்குமோ மிகச் சரியாக அங்கே நிற்கிறது!

இனி அந்த ஓரத்தை உங்கள் கோட்டின் மேல் வைத்து, வழிகாட்டி நல்ல துண்டின் மேல் கிடக்கும்படி இரு முனையிலும் கிளாம்ப் போட்டால் போதும். அளந்து கழித்துக் குழம்பத் தேவையில்லை. இன்னொரு நன்மையும் உண்டு. வழிகாட்டி நாரை மேலிருந்து அழுத்திப் பிடிப்பதால், மேல்முகமும் பிய்யாமல் வரும். வாளையோ பிளேட்டையோ மாற்றினால் மட்டும் அளவு மாறும், மறந்துவிடாதீர்கள்.

அறுக்கும்போது

முதலில் ஒரு கழிவுத் துண்டில் அறுத்துப் பாருங்கள். மெசின் பலகையைத் தொடும் முன் முழு வேகம் எடுக்கட்டும். இரு கையாலும் பிடித்து, நடுவில் நிற்காமல், ஒரே சீராகத் தள்ளுங்கள். பலவந்தம் வேண்டாம். கருகிய மணம் வந்தால் பிளேட் மழுங்கிவிட்டது, அல்லது நீங்கள் மிக மெதுவாகப் போகிறீர்கள். வாளுக்கு நேர் பின்னே நிற்காமல் சற்று ஒரு பக்கமாக நில்லுங்கள். முடிந்ததும் பிளேட் சுற்றி நிற்கும்வரை தூக்காதீர்கள்.

இனிச் சொல்லப்போவதை இரண்டு முறை படியுங்கள். நம் உடுப்பு இந்த மெசினுக்குப் பகை. முந்தானை, தொங்கும் ஷோல், அகலமான கை, வளையல், கழுத்துச் சங்கிலி எதுவும் தொங்கக் கூடாது. தலைத்துணியைக் கழுத்தைச் சுற்றி இறுக்கிச் செருகி, கை இறுகிய சட்டையோடு வேலை செய்யுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்குக் காதடைப்பான், மூக்குக்கு நல்ல முகமூடி. மரத்தூள் புற்றுநோய் தரக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் வகைப்படுத்தியுள்ளது. ஒட்டுப்பலகைப் பசை பலவற்றில் போர்மல்டிஹைட்டும் உண்டு. ஆகவே அறைக்குள் அறுக்காமல் முற்றத்தில் அறுங்கள். பிள்ளைகள் வீட்டுக்குள் இருக்கட்டும்.

பிளேட்டையோ ஆழத்தையோ தொடும்போது பிளக் சுவரில் இருக்கக் கூடாது. கீழ்க் காப்பு மூடியைக் கம்பியால் கட்டித் திறந்து வைக்கும் பழக்கத்தைச் சிலரிடம் பார்க்கலாம். ஒருபோதும் செய்யாதீர்கள். நீட்டு வயர் மெல்லியதாக இருந்தால் மோட்டார் சூடாகும். சுற்றி வைத்த வயரை முழுதாக அவிழ்த்து விரித்து, அதைத் தோளுக்குப் பின்னால் விட்டு அறுங்கள். வீட்டு டிரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்த பிறகே தொடங்குங்கள்.

அறுத்த பின்

குடாநாட்டில் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மாரி மழை. ஒட்டுப்பலகை தண்ணீர் குடிப்பது வெட்டு விளிம்பால்தான். அறுத்த அன்றே நான்கு விளிம்பையும் மெல்லிய மண்தாளால் தேய்த்து, வார்னிஷோ பெயின்டோ இரண்டு பூச்சுப் பூசிவிடுங்கள். மிச்சப் பலகையைச் சுவரில் சாய்த்து வைத்தால் வளைந்துவிடும், தரையில் வைத்தால் கறையான் ஏறும். கட்டைகளின் மேல் படுக்கையாக வையுங்கள்.

உங்கள் பலகை வீணாகவில்லை, சகோதரி

இன்னொரு பலகை வாங்கக் காசில்லை என்று எழுதியிருந்தீர்கள். வாங்கத் தேவையில்லை. பிய்ந்த முகத்தைக் கீழாகத் திருப்புங்கள். இப்போது வெண்ணெய் போன்ற பக்கம் மேலே வந்துவிட்டது. அந்த முகத்தில் முடிச்சுத் தழும்பு இருந்தாலும் பெயின்ட் மூடிவிடும். சிராயை மேலும் பிய்க்காமல், மரப்பசை தடவி அழுத்தி, காய்ந்ததும் நார் வாட்டத்தில் தேயுங்கள். பள்ளம் இருந்தால் அறுத்த தூளையே மரப்பசையில் குழைத்து நிரப்புங்கள். முன்விளிம்பில் மெல்லிய ரீப்பை ஒன்றை ஒட்டி ஆணி அடித்தால் பிய்ந்த விளிம்பும் மறையும், தட்டும் வளையாது. குறைந்து போன மூன்றாவது துண்டின் பின்பக்கத்திலும் அதேபோல ஒரு ரீப்பை. சுவர்ப் பக்கம் போய்விட்டால் யார் காணப் போகிறார்கள்?

தட்டு பதினெட்டு மில்லிமீற்றர் தடிப்பென்றால் இரண்டரை அடி அகலமான மாடத்துக்குப் போதும். அதைவிட அகலமென்றால் நடுவில் ஒரு தாங்கு கொடுங்கள். புத்தகப் பாரம் சாதாரணமானதல்ல.

கடைசியாக ஒன்று. அந்த மாடத்தில் முதலில் தட்டுப் போட்டவர் யாரென்று இன்று யாருக்கும் தெரியாது. அதைக் கழற்றிக் கொண்டு போனவர் யாரென்றும் தெரியாது. ஆனால் இம்முறை தட்டுப் போட்டவர் யாரென்று உங்கள் மகளுக்குத் தெரியும். உம்மா அறுத்த பலகையில் தன் புத்தகத்தை அவள் அடுக்குவாள். மேல் தட்டைக் குர்ஆனுக்கென்று விட்டுவிடுங்கள்.

வேலை முடிந்ததும் இரண்டு வரி எழுதிப் போடுங்கள், சகோதரி. மாடத்துக்குக் கதவு போடும் வழியை, இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் பார்ப்போம். வஸ்ஸலாம்.